102 மாடி, 410 நாள்: எம்பயர் ஸ்டேட் கட்டிய கதையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

கயல்_அம்மா
எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிச் சுவரிதழுக்கு ஒரு புகழ்பெற்ற கட்டடத்தைப் பற்றி எழுத வேண்டும். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் பில்டிங்கை எடுத்திருக்கிறாள். உயரம், மாடி எண்ணிக்கை, திறப்பு விழாத் தேதி எல்லாம் குறித்து வைத்துவிட்டாள். நேற்று இரவு சாப்பிடும்போது ஒரு கேள்வி கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை.

"அம்மா, எதிர் வீட்டுல ஒரே ஒரு மாடி எடுக்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் பூச்சு வேலை முடியல. அவங்க மட்டும் எப்படி 410 நாள்ல 102 மாடி கட்டினாங்க? அப்போ கம்ப்யூட்டர்கூட இல்லையே?"

நிறைய ஆள் வைத்திருப்பார்கள் என்றேன். "நிறைய ஆள் இருந்தா இடிச்சுக்க மாட்டாங்களா?" என்றாள். நியாயமான கேள்விதான். தெரிந்தவர்கள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறாள்.

ஹட்சன்கரை
நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நியூஜெர்சியில் இருக்கிறேன். தினமும் ரயிலேறும் முன் அந்த ஊசிமுனையைப் பார்ப்பதால் அதன் மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது. முதலில் நாள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

அது நிற்பது மன்ஹாட்டனில் ஐந்தாவது அவென்யூவில், 33-ஆம் தெருவுக்கும் 34-ஆம் தெருவுக்கும் நடுவில். முன்பு அங்கே வால்டார்ஃப் அஸ்டோரியா என்ற பெரிய ஹோட்டல் இருந்தது. 1929 அக்டோபரில் அதை இடிக்கத் தொடங்கினார்கள். இடிபாடுகளைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 1930 ஜனவரி 22-இல் அடித்தளத்துக்குத் தோண்ட ஆரம்பித்தார்கள். கட்டுமானம் தொடங்கிய நாள் மார்ச் 17, முதல் இரும்புத் தூண் எழுந்தது ஏப்ரல் 7. திறப்பு விழா 1931 மே 1.

மார்ச் 17-இல் இருந்து மே 1 வரை எண்ணினால்தான் அந்த 410 வரும். கயல் விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம்: ஒரு முழு வருடமும் 45 நாளும்.

தூக்குக்குண்டு
கட்டமைப்புப் பொறியாளராக இருபது வருடம் வேலை பார்க்கிறேன். கயல், உன் கேள்விக்கு வரும் முன் ஒரு திருத்தம். 102 மாடி என்பதில் அலுவலக மாடிகள் 86 வரைதான். அதற்கு மேல் இருப்பது 16 மாடி உயரக் கோபுரம், மெலிந்த ஒரு குழாய் மாதிரி. சுவரிதழில் "86 மாடியும் அதன் மேல் ஒரு கோபுரமும், ஆகமொத்தம் 102" என்று எழுதினால் சரியாக இருக்கும். இப்படி எழுதுவதால் கட்டடத்தின் பெருமை ஒன்றும் குறையாது.

இப்போது வேகத்துக்கு வருவோம். நிறைய பேர் இதை ஆள்பலக் கதையாகச் சொல்கிறார்கள். வேகம் பிறந்தது வரைபட மேசையில் என்பது என் கருத்து.

கட்டடத்துக்குப் பணம் திரட்டியவர் ஜான் ராஸ்கோப், ஜெனரல் மோட்டார்ஸில் பெரிய பொறுப்பில் இருந்தவர். கட்டடத்துக்குச் சொந்தமான நிறுவனத்தின் தலைவராக முன்நின்றவர் நியூயார்க்கின் முன்னாள் ஆளுநர் அல் ஸ்மித். வரைந்தவர் வில்லியம் லாம்ப். அவர் கையில் கொடுத்த நிபந்தனைகள் மிகச் சில: பணம் இவ்வளவுதான், சன்னலுக்கும் நடைபாதைக்கும் நடுவே 28 அடிக்கு மேல் போகக் கூடாது, அப்படிப்பட்ட மாடிகள் எத்தனை முடியுமோ அத்தனை வேண்டும், வெளிப்பக்கம் சுண்ணாம்புக்கல், 1931 மே 1-க்குள் முடிய வேண்டும்.

ஏன் மே 1? அந்தக் காலத்து நியூயார்க்கில் வாடகை ஒப்பந்தங்கள் மே முதல் தேதியில்தான் தொடங்கும். அந்த நாளைத் தவறவிட்டால் வாடகைக்காரர்கள் வேறு கட்டடத்துக்குப் போய்விடுவார்கள். ஆகவே தேதியை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வந்தார்கள். சன்னல் என்றைக்கு மாட்ட வேண்டும், அதற்குக் கல் என்றைக்கு வர வேண்டும், அதற்கு இரும்பு என்றைக்கு நிற்க வேண்டும், அதற்கு அந்த இரும்பின் வரைபடம் என்றைக்கு ஆலைக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் நாள் குறித்தார்கள். மேல் மாடிகளின் விவரங்களை இன்னும் வரைந்துகொண்டிருக்கும்போதே கீழே தூண்கள் எழுந்துவிட்டன.

28 அடி என்ற எண்ணையும் விட்டுவிடாதே. மின்விளக்கை மட்டும் நம்பாமல், சன்னல் வெளிச்சம் எட்டுகிற தூரத்துக்குள் மேசை போட வேண்டும் என்ற எண்ணம்தான் அது. மேலே போகப் போக லிஃப்ட் தேவை குறையும், ஏனென்றால் சில லிஃப்டுகள் கீழ் மாடிகளோடு நின்றுவிடும். லிஃப்ட் குழிகள் குறைந்தால் நடுப்பகுதி ஒடுங்கும். நடு ஒடுங்கினால் அதே 28 அடியைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு கட்டடமும் ஒடுங்கும். தெருவுக்கு வெயில் விழ வேண்டும் என்பதற்காக, உயரம் போகப் போகக் கட்டடம் உள்வாங்க வேண்டும் என்று 1916-இல் நகரம் சட்டமும் போட்டிருந்தது. அந்தப் படிப்படியான உருவம் வந்தது இப்படித்தான்.

கொத்துக்கரண்டி
நான் முப்பத்தைந்து வருடமாகக் கட்டட வேலையில் இருப்பவன். சித்தாளாகப் போய், கொத்தனாராகி, இப்போது சின்னதாக மேஸ்திரி வேலை. பாப்பா கேட்ட "ஆள் அதிகம் இருந்தால் இடிச்சுக்க மாட்டாங்களா" என்ற கேள்விக்கு நான் சொல்கிறேன்.

இடிச்சுக்குவாங்க. கண்டிப்பாக இடிச்சுக்குவாங்க. கட்டட வேலையில் பாதி நேரம் கட்டுவதில் போகாது, சுமப்பதில் போகும். செங்கல் லாரி வரும், தெருவில் கொட்டும். அங்கிருந்து அடுக்க ஒரு ஆள், தூக்க ஒரு ஆள், மாடிப்படியில் மேலே கொண்டுபோக ஒரு ஆள். கொத்தனார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கல் வரவில்லை என்று நிற்பார். ஒரே செங்கலை நாலு தடவை கை மாற்றுவோம்.

நியூயார்க்கில் இதைத்தான் முதலில் ஒழித்தார்கள். தெருவில் ஒரு கல்லைக்கூடக் கொட்டவில்லை. லாரி உள்ளே வந்து ஒரு சரிவுக் குழியில் கொட்டும். செங்கல் சறுக்கி அடித்தளத்தில் இருக்கும் பெரிய தொட்டியில் போய் விழும். தொட்டியின் அடியில் திறப்பு. அதன் கீழே தண்டவாளத்தில் தள்ளுவண்டி வந்து நிற்கும். திறந்தால் வண்டி நிறையும், அப்படியே தூக்கியில் ஏறி வேண்டிய மாடிக்குப் போகும். மாடியிலும் தண்டவாளம் போட்டிருந்தார்கள்! வண்டி உருண்டு கொத்தனாரின் காலடிக்கே வந்து நிற்கும். மனிதக் கை முதன்முதலாக அந்தச் செங்கலைத் தொடுவது சுவரில் வைக்கும்போதுதான்.

மொத்தம் ஒரு கோடி செங்கல். பாப்பா, ஒரு கோடி செங்கலைச் சட்டியில் சுமந்திருந்தால் உன் எதிர் வீட்டுக் கதைதான் அங்கேயும்.

கயல்_அம்மா
ஐயா, மாடியிலேயே தண்டவாளம் என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டாள். ஒவ்வொரு மாடியிலுமா என்று கேட்கிறாள்.

தூக்குக்குண்டு
ஆமாம், வேலை நடந்த ஒவ்வொரு மாடியிலும் தற்காலிகமாகப் போட்டார்கள். அந்த மாடி முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். கட்டிய நிறுவனம் ஸ்டாரெட் பிரதர்ஸ் அண்ட் ஈக்கன். அவர்கள் கட்டடத்தை ஒரு தொழிற்சாலையாக நினைத்தார்கள். ஃபோர்டு தொழிற்சாலையில் கார் நகரும், ஆள் ஒரே இடத்தில் நிற்பார். இங்கே பொருட்கள் நகர்ந்து ஆளிடம் வந்தன, ஆட்கள் கூட்டம் கூட்டமாக மாடி மாடியாக மேலே நகர்ந்தார்கள். முன்னால் இரும்புக்காரர்கள், அவர்களுக்குச் சில மாடிகள் கீழே தளம் போடுபவர்கள், அதற்கும் கீழே கல்லும் செங்கலும் வைப்பவர்கள், பின்னாலேயே குழாய்க்காரர்கள், மின்சாரக்காரர்கள். ஒரே நேரத்தில் எல்லோரும் வேலை செய்தார்கள், ஆனால் வேறு வேறு மாடியில். அதனால்தான் இடித்துக்கொள்ளவில்லை.

1930 ஆகஸ்ட் 14 அன்று 3,439 பேர் வேலையில் இருந்தார்கள், உச்சம் அதுதான். இரும்புச் சட்டகம் வாரத்துக்கு நாலரை மாடி வீதம் ஏறியது. செப்டம்பர் முடியும் முன்னே 86 மாடிச் சட்டகமும் நின்றுவிட்டது. ஏப்ரலில் முதல் தூண் என்றால் ஆறு மாதம்கூட இல்லை.

இரும்பு மொத்தம் 57,000 டன். அது வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். பிட்ஸ்பர்க் பக்கத்து ஆலைகளில் உருவாக்கி, துளை போட்டு, ரயிலில் நியூஜெர்சிக் கரைக்கு வரும். அங்கிருந்து படகில் ஆற்றைக் கடந்து, லாரியில் தெருவுக்கு வரும். நடு நகரத்தில் குவித்து வைக்க இடமே கிடையாது. ஆகவே ஒவ்வொரு லாரியும் தனக்குக் குறித்த நேரத்தில் வர வேண்டும். ஒவ்வொரு உத்தரத்திலும் பெயிண்டில் எண் போட்டிருக்கும்: எந்த மாடி, எந்த இடம், எந்த பாரந்தூக்கி தூக்க வேண்டும் என்று. லாரியில் இருந்து இறங்காமலே நேராக வானத்துக்குப் போய்விடும். ஆலையை விட்டுக் கிளம்பி 80 மணி நேரத்துக்குள் அதன் இடத்தில் பொருத்திவிட்டார்கள் என்பார்கள். கையில் பட்டால் இளஞ்சூடு மிச்சம் இருந்தது என்றுகூட ஒரு பேச்சு உண்டு. அதை நான் நம்பவில்லை, கயலும் எழுத வேண்டாம்.

வாசகன்77
நல்ல தகவல்கள். ஆனால் பிள்ளைகளுக்கு இதை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம்: பதினொரு பேர் ஒரு இரும்பு உத்தரத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டுச் சாப்பிடுகிறார்கள், கீழே நகரம். கயிறு இல்லை, தலைக்கவசம் இல்லை. எம்பயர் ஸ்டேட்டை இவ்வளவு வேகமாகக் கட்டியது மனித உயிரைப் பணயம் வைத்துத்தான். அதையும் சுவரிதழில் போட வேண்டும் என்பேன்.

இருட்டறை
வாசகன் சார் சொன்ன படம் எம்பயர் ஸ்டேட்டில் எடுத்ததே இல்லை. ராக்ஃபெல்லர் சென்டர் கட்டும்போது, 1932 செப்டம்பரில் எடுத்தது. அதற்குள் எம்பயர் ஸ்டேட் திறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இணையத்தில் பாதிப் பேர் மாற்றித்தான் எழுதுகிறார்கள், அதனால் கயல் இதைக் கவனமாகப் பார்த்துப் போட வேண்டும்.

எம்பயர் ஸ்டேட்டுக்கென்று தனியாக ஒரு படக்காரர் இருந்தார். அவரைப் பற்றித்தான் நான் சொல்ல ஆசைப்படுகிறேன். பெயர் லூயிஸ் ஹைன். 1930-இல் அவருக்கு 56 வயது. அதற்கு இருபது வருடம் முன்பு அவர் வேறு ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். அமெரிக்கா முழுக்க அலைந்து, நூற்பாலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் வேலை பார்த்த சின்னப் பிள்ளைகளைப் படம் எடுத்தார். கயல் வயதுப் பிள்ளைகள், அதைவிடச் சின்னவர்களும் உண்டு. உள்ளே விட மாட்டார்கள் என்று வேறு ஆள் போல வேடம் சொல்லிப் போவார். குழந்தைத் தொழிலுக்கு எதிராகச் சட்டம் வரக் காரணமானவற்றில் அந்தப் படங்களும் உண்டு.

அப்படிப்பட்டவர் இந்த வயதில் கனமான கேமராவோடு, தொழிலாளிகளோடு சேர்ந்து மாடி மாடியாக ஏறினார். கட்டடத்துக்கு வெளியே நின்று பார்த்தால்தான் உத்தரத்தின் முனையில் நிற்பவரின் முகம் தெரியும். வெளியே என்றால் வெறும் காற்று. பாரந்தூக்கியில் ஒரு கூடையைக் கட்டி, அதில் ஏறி நின்று, ஐந்தாவது அவென்யூவுக்கு மேலே ஊஞ்சல் மாதிரித் தொங்கிக்கொண்டு எடுத்தார்.

ஒரு படத்தில் ஓர் இளைஞர் எஃகுக் கம்பியைக் காலால் வளைத்துப் பிடித்து, சாய்ந்து, ஒரு கையை மேலே நீட்டியிருப்பார். பின்னால் மங்கலாக நதி. நான் இருட்டறையில் வேலை கற்ற காலத்தில் அந்தப் படத்தின் அச்சு ஒன்று என் மேசைக்கு எதிரே ஒட்டியிருந்தது. அவர் சட்டைக் கையை மடித்திருக்கும் விதம்கூட எனக்கு மனப்பாடம். உயரத்தைக் காட்ட எடுத்த படம் என்று முதலில் நினைத்தேன். வருடக்கணக்கில் பார்த்த பிறகுதான், அவர் பார்வை முழுக்க வேலையின் மேல் இருப்பது தெரிந்தது.

1932-இல் ஹைன் இந்த மாதிரிப் படங்களைச் சேர்த்து ஒரு புத்தகம் போட்டார். யாருக்காக? சிறுவர்களுக்காக. ஆக, இந்தக் கதையை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கட்டடத்தின் வயதுடையது.

வாசகன்77
படத்தைப் பற்றித் தவறாகச் சொல்லிவிட்டேன், திருத்தியதற்கு நன்றி. ஆனால் ஆபத்து பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

தூக்குக்குண்டு
மாறத் தேவையும் இல்லை சார். கட்டடத்தின் அதிகாரபூர்வக் கணக்கில் கட்டும்போது இறந்தவர்கள் 5 பேர். இன்றைய பாதுகாப்பு முறைகளில் பலவும் அன்றைக்குக் கிடையாது. அதைச் சுவரிதழில் எழுதத்தான் வேண்டும்.

அதோடு இன்னொன்றும் சேர்க்க வேண்டும். அது பொருளாதார மந்தக் காலம். 1929 அக்டோபர் இறுதியில் பங்குச்சந்தை விழுந்தது, ஹோட்டலை இடித்துக்கொண்டிருந்த அதே மாதம். ஊரெல்லாம் வேலை இல்லை. கூலிக்கும் பொருளுக்கும் போட்டி குறைந்ததால் கட்டுமானச் செலவு திட்டமிட்டதைவிட இறங்கியது. நிலத்தையும் சேர்த்து ஏறக்குறைய 4 கோடியே 10 லட்சம் டாலரில் முடிந்தது. வாசலில் வேலை கேட்டு நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். உள்ளே இருந்த ஒருவர் அந்த வேலையை எவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டிருப்பார் என்று பிள்ளைகளை யோசிக்கச் சொல்லலாம்.

கொத்துக்கரண்டி
சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மதியம் சாப்பிட முப்பது மாடி இறங்கி ஏறினால் ஒரு மணி நேரம் போய்விடும். அதனால் கட்டடத்துக்குள்ளேயே ஐந்து மாடிகளில் சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். கட்டடம் உயர உயரக் கடையும் மேலே வந்தது. ஆட்களுக்குச் சூடான சாப்பாடு, முதலாளிக்கு நேரம் மிச்சம். என் அனுபவத்தில் ஆளுக்கு நல்ல டீயும் உட்கார நிழலும் கொடுக்கிற இடத்தில் வேலை தானாக ஓடும்.

இன்னொன்று, ரிவிட் கும்பல். பாப்பாவுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அப்போது இரும்போடு இரும்பை இணைக்க வெல்டிங் பெரிதாகப் பரவவில்லை, நட்டு போல்ட்டும் இப்போது போலக் கிடையாது. ரிவிட்தான். காளான் மாதிரி ஒரு பக்கம் தலை இருக்கும் இரும்பு ஆணி. நாலு பேர் ஒரு கும்பல். முதல் ஆள் சின்ன உலை வைத்திருப்பார், ரிவிட்டைச் செக்கச் சிவக்கக் காய்ச்சுவார். சரியான பதம் வந்ததும் நீளக் கிடுக்கியால் எடுத்து வீசுவார். கொடுக்க மாட்டார் பாப்பா, வீசுவார்! இரண்டாவது ஆள் தூரத்தில் ஒரு தகர டப்பாவோடு உத்தரத்தில் நிற்பார். டங்கென்று டப்பாவில் பிடிப்பார். கிடுக்கியால் எடுத்து, உத்தரத்தில் ஒரு தட்டுத் தட்டிச் சாம்பலை உதிர்த்து, துளையில் சொருகுவார். மூன்றாவது ஆள் அதன் தலையைக் கனமான இரும்பால் முட்டுக் கொடுத்து அழுத்திப் பிடிப்பார். நாலாவது ஆள் மறுபக்கம் காற்றுச் சம்மட்டியால் அடித்து அந்த முனையையும் தலையாக்கிவிடுவார். அடுத்தது. அடுத்தது. நாள் முழுக்க இதே.

ஏன் காய்ச்ச வேண்டும்? எங்கள் ஊர்ப் பட்டறையில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைச் சின்ன வயதில் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். இரும்புப் பட்டையைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகவே செய்வார்கள். எரு மூட்டிக் காய்ச்சினால் விரியும். விரிந்ததைச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். புசுபுசுவென்று ஆவி, மரம் கிறீச்சிடும், பட்டை சுருங்கி அப்படியே கவ்விக்கொள்ளும். ரிவிட்டும் அதே வித்தைதான். ஆறும்போது சுருங்கி, இரண்டு இரும்பையும் ஒன்றோடொன்று இழுத்து இறுக்கிவிடும்.

அந்த நாலு பேரில் ஒருவர் வரவில்லை என்றால் மற்ற மூன்று பேருக்கும் அன்று வேலை இல்லை. வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள். நெருப்புத்துண்டை வீசுகிறவரின் கை உங்களுக்குப் பழகியிருக்க வேண்டும் இல்லையா.

கயல்_அம்மா
ஐயா, அவளுக்கு இதுதான் மிகவும் பிடித்திருக்கிறது. டம்ளரும் பந்துமாக வீடு முழுக்க ஒரே சத்தம். அவள் கேள்வி: பிடிக்கத் தவறினால் என்ன ஆகும்?

கொத்துக்கரண்டி
கீழே விழும், பாப்பா. சிவந்த இரும்பு யார் மேல் விழுந்தாலும் ஆபத்துதான். அதனால் வேலை நடக்கும் இடத்துக்குக் கீழே பலகை பரப்பி வைப்பார்கள். பிடிக்கிறவர் அந்தக் கும்பலிலேயே கண் கூர்மையானவராக இருப்பார்.

வாசகன்77
அமெரிக்கப் பூர்வகுடி மொஹாக் மக்களைப் பற்றியும் எழுதலாம். அவர்களுக்கு உயரம் என்றால் பிறவியிலேயே பயம் கிடையாது என்பதால் இந்த வேலைக்குக் கூட்டிவந்தார்கள் என்று படித்திருக்கிறேன்.

தூக்குக்குண்டு
மொஹாக் இரும்புத் தொழிலாளிகள் வேலை செய்தது உண்மை. பிறவியிலேயே பயமில்லை என்பதைத் தயவுசெய்து பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். பார்க்கப் பாராட்டு மாதிரி இருக்கும், ஆனால் அவர்களின் திறமையை அவர்களிடமிருந்து பறித்துவிடும்.

கனடாவில் மாண்ட்ரியல் அருகே கானவாகே என்பது அவர்களின் ஊர். 1886-இல் அவர்கள் நிலத்தை ஒட்டி ரயில் பாலம் கட்டினபோது அந்த வேலைக்குள் நுழைந்தார்கள், கற்றார்கள், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1907-இல் கியூபெக் பாலம் கட்டும்போதே இடிந்து விழுந்து 75 பேர் இறந்தார்கள். அதில் 33 பேர் கானவாகே மொஹாக். ஒரு சின்ன ஊரில் ஒரே நாளில் அத்தனை வீட்டில் சாவு. அதற்குப் பிறகும் அந்தத் தொழிலை விடவில்லை. பயம் எல்லோருக்கும் இருந்தது, அதோடு வேலை செய்யப் பழகினார்கள் என்றுதான் அவர்களே சொல்லிவந்திருக்கிறார்கள்.

வாசகன்77
33 வீடு. இது எனக்குத் தெரியாது. இதை அப்படியே போடச் சொல்லுங்கள்.

ஹட்சன்கரை
பிள்ளைகளுக்குப் பிடிக்கிற பகுதி ஒன்று பாக்கி இருக்கிறது, போட்டி.

அதே நேரத்தில் நியூயார்க்கில் இன்னும் இரண்டு கட்டடங்கள் "நான்தான் உயரம்" என்று மோதிக்கொண்டிருந்தன. ஒன்று வால் ஸ்ட்ரீட் 40-ஆம் எண் கட்டடம், 927 அடி. இன்னொன்று கார் நிறுவன முதலாளி கிரைஸ்லரின் கட்டடம். இரண்டையும் வரைந்தவர்கள் முன்பு கூட்டாளிகள், பிறகு பிரிந்தவர்கள். கிரைஸ்லரை வரைந்த வான் ஆலன் ஒரு தந்திரம் செய்தார். 185 அடி எஃகு ஊசியைத் துண்டு துண்டாகக் கட்டடத்துக்கு உள்ளேயே ரகசியமாகக் கோத்து வைத்தார். 1929 அக்டோபர் 23 அன்று, ஒன்றரை மணி நேரத்தில் உச்சி வழியாக மேலே தூக்கி நிறுத்திவிட்டார். கூட்டினால் 1,046 அடி. மறுநாள்தான் பங்குச்சந்தைச் சரிவு ஆரம்பித்தது, அதனால் செய்தித்தாள்களில் ஊசிக்கு இடமில்லாமல் போனது.

எம்பயர் ஸ்டேட்டின் திட்டம் அப்போது 1,050 அடி. வித்தியாசம் நாலே நாலு அடி! கிரைஸ்லர் இன்னொரு ஊசியை ஒளித்து வைத்திருந்தால் என்ன செய்வது என்று ராஸ்கோப்புக்குக் கவலை. மேலே ஒரு தொப்பி வேண்டும் என்றார். அந்தத் தொப்பிதான் 200 அடிக் கோபுரம். மொத்தம் 1,250 அடி, அதாவது 381 மீட்டர். வெறும் போட்டிக்கு என்று சொல்ல முடியாதே, அதனால் வானத்தில் பறக்கும் பெரிய வாயுக் கப்பல்களைக் கட்டிவைக்கும் கம்பம் என்று அறிவித்தார்கள். ஐரோப்பாவில் இருந்து வரும் பயணிகள் 102-ஆவது மாடியில் இறங்கி லிஃப்டில் தெருவுக்கு வந்துவிடலாம் என்று திட்டம்.

அந்த உயரத்தில் கட்டடத்தின் சுவரில் மோதிக் காற்று மேல்நோக்கிச் சுழலும். வாயுக் கப்பலின் மூக்கை மட்டும் கட்டினால் வால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. 1931 செப்டம்பரில் சிறிய கப்பல் ஒன்று மூன்று நிமிடம் தொட்டு நின்றது. அவ்வளவுதான். பயணி ஒருவர்கூட அங்கே இறங்கவில்லை. பிற்காலத்தில் அந்தக் கம்பத்தின் மேல்தான் ரேடியோ, டிவி ஆன்டெனாக்கள் வந்தன. அதையும் சேர்த்தால் இன்றைய உயரம் 443 மீட்டர்.

தூக்குக்குண்டு
வெளிச்சுவரில் ஒரு நுணுக்கம், என் தொழில் சார்ந்த ஆசைக்காகச் சொல்கிறேன். சன்னலை வழக்கமாகக் கல்லுக்கு உள்ளே தள்ளி வைப்பார்கள். அப்போது கல்லின் பக்க விளிம்பு வெளியே தெரியும், அதை இழைத்து மெருகேற்ற வேண்டும். லாம்ப் சன்னலை வெளிமுகத்தோடு சேர்த்து வைத்தார், இடையில் நீள நீளமான எஃகுப் பட்டைகளை ஓடவிட்டார். அந்தப் பட்டை கல்லின் கரடான விளிம்பை மறைத்துவிட்டது. கல்லை ஆலையில் வெட்டின கையோடு கொண்டுவந்து வைக்கலாம். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் மின்னும் கோடுகள் கீழிருந்து மேலே ஓடுவது அழகுக்காகத்தான் என்று தோன்றும். எத்தனையோ ஆயிரம் விளிம்புகளை இழைக்கும் வேலை அந்தக் கோடுகளுக்குப் பின்னால் மிச்சமாகியிருக்கிறது. 6,500 சன்னலுக்கும் இப்படித்தான்.

ஹட்சன்கரை
திறப்பு விழாவையும் சொல்லி முடிக்கிறேன். 1931 மே 1. அல் ஸ்மித்தின் பேரப்பிள்ளைகள் ரிப்பனை வெட்டினார்கள். வாஷிங்டனில் இருந்த அதிபர் ஹூவர் ஒரு பொத்தானை அழுத்த, விளக்குகள் எரிந்தன. குறித்த அதே தேதி.

ஆனால் குடியேறத்தான் ஆளில்லை. மந்தம் உச்சத்தில் இருந்தது, பெரும்பாலான மாடிகள் காலி. ஊர் மக்கள் 'எம்பயர்' என்பதை 'எம்ப்டி' என்று மாற்றி, 'காலி ஸ்டேட் பில்டிங்' என்று கூப்பிட்டார்கள். உச்சியில் இருந்து ஊரைப் பார்க்க வந்தவர்களின் டிக்கெட் காசுதான் அந்த வருடங்களில் பெரிய ஆறுதல்.

1945 ஜூலை 28, மூடுபனி நாளில் ஒரு ராணுவ விமானம் 79-ஆவது மாடிப் பக்கம் மோதியது. 14 பேர் இறந்தார்கள். லிஃப்ட் இயக்கும் பெண் பெட்டி லூ ஆலிவர் இருந்த லிஃப்ட் 75 மாடி உயரத்தில் இருந்து அறுந்து விழுந்தும் அவர் பிழைத்தார். கட்டடம் சாயவில்லை, திங்கட்கிழமை பல மாடிகளில் வேலை நடந்தது. 1970 வரை உலகிலேயே உயரமானது இதுதான்.

தூக்குக்குண்டு
கொத்துக்கரண்டி அண்ணனுக்காக ஒன்று. 2010 வாக்கில் அந்த 6,500 சன்னல்களையும் மின்சாரச் சிக்கனத்துக்காகப் புதுப்பித்தார்கள். கண்ணாடிகளை லாரியில் ஏற்றி எங்கோ அனுப்பவில்லை. கட்டடத்துக்குள்ளேயே ஒரு மாடியில் பட்டறை போட்டு, கழற்றி, நடுவில் மெல்லிய படலம் சேர்த்து, திரும்ப மாட்டினார்கள்.

கொத்துக்கரண்டி
எண்பது வருடம் கழித்தும் அந்தக் கட்டடம் சுமைக்கூலியை மிச்சம் பிடித்திருக்கிறது. கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது தம்பி.

கயல்_அம்மா
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து எழுதிவிட்டாள். உயரம், தேதி எல்லாம் இரண்டாம் பத்திக்குப் போய்விட்டது. அவள் ஆரம்பித்திருப்பதை அப்படியே தட்டச்சு செய்கிறேன்:

"ஒருவர் நெருப்பில் ஆணியைக் காய்ச்சினார். ஒருவர் அதை டப்பாவில் பிடித்தார். ஒருவர் அழுத்திப் பிடித்தார். ஒருவர் அடித்தார். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் நின்ற இடத்துக்கு மேலே அப்போது மாடி எதுவும் இல்லை, வானம்தான் இருந்தது."

கட்டத்தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு மாடி என்று 86 கட்டமும், மேலே பென்சிலில் 16 கட்டமும் வரைந்திருக்கிறாள். நாற்பதாவது கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடை தொங்குகிறது, அதில் கேமராவோடு ஒரு தாத்தா. பதினோரு பேர் சாப்பிடும் படத்தைச் சேர்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை பள்ளியில் ஒட்டுகிறார்கள், படம் எடுத்து இங்கே போடுகிறேன்.

இருட்டறை
படம் எடுக்கும்போது வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரட்டும், சகோதரி. பென்சில் கோடு அப்போதுதான் தெரியும்.